ரிமோட் ஸ்டார்ட்டர்: நீங்களே பொருத்துவதா, கடையில் கொடுப்பதா, வேண்டாமென்றே விடுவதா?

ரொறன்ரோவில் இலை உதிரத் தொடங்கும்போதே இந்தக் கேள்வியும் தொடங்கிவிடும். விடியற்காலை வேலைக்குக் கிளம்புகிறவர்கள், சின்னப் பிள்ளைகளை உறைந்த இருக்கையில் ஏற்றவேண்டியவர்கள், இரவு வேலை முடிந்து கண்ணாடிப் பனியைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். வீட்டுக்குள் இருந்தபடியே காரை இயக்கும் ரிமோட் ஸ்டார்ட்டர் இணையத்தில் 200 டொலருக்குக் கிடைக்கிறது, கடையில் 600 கேட்கிறார்கள். நானே வாங்கிப் பொருத்தினால் என்ன?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உங்கள் கைத்திறனைவிட உங்கள் காரைப் பொறுத்த விஷயம். ஒரு வயரையும் வெட்டாமல், இருக்கிற இணைப்பிகளுக்கு இடையில் செருகிவிடும் டி-ஹார்னஸ் உங்கள் காருக்குக் கிடைத்தால் நீங்களே செய்யலாம். கிடைக்காவிட்டால், எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் கடைக்குப் போங்கள். அல்லது வாங்காமல் விடுங்கள். ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

காரின் சாவி. கனடாவில் 2007 செப்டம்பர் 1 முதல் புதிய பயணிகள் கார்களுக்கு இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவி கட்டாயம். சாவிக்குள் இருக்கும் மின்னணுச் சில்லை (சிப்)க் கார் அடையாளம் கண்டால்தான் எஞ்சின் தொடர்ந்து ஓடும். ரிமோட் ஸ்டார்ட்டர் அந்தச் சில்லின் வேலையையும் சேர்த்துச் செய்யவேண்டும். அதற்கான துணைக்கருவிதான் பைபாஸ் மாடியூல். பொருத்தும் வேலையில் பாதிச் சிக்கல் இங்கேதான்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. அமெரிக்காவில் 2021 வரை விற்கப்பட்ட ஹூண்டாய், கியா கார்களில் பல இம்மொபிலைசர் இல்லாமலே வந்தன. அங்கே அந்தக் கார்கள் கொத்துக்கொத்தாகத் திருட்டுப்போனதற்குக் காரணம் அதுதான். அதே பெயர், அதே ஆண்டு, அதே நிறக் கார் கனடாவில் சில்லோடு வரும். ஆகவே அமெரிக்கர் ஒருவர் தன் எலான்ட்ராவில் நான்கு வயர்களை இணைத்து முடித்துவிட்ட யூடியூப் காணொளியை நம்பி இங்கே வேலையைத் தொடங்காதீர்கள். கனடிய மாடலுக்கான வயர் வரைபடம்தான் உங்களுக்கு வேண்டும்.

முழுச் செலவு. பெட்டியின் விலை மட்டும் செலவு ஆகாது. டி-ஹார்னஸ், மாடியூலில் மென்பொருள் ஏற்றும் கேபிள், மல்ட்டிமீட்டர், பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றும் கருவிகள், பானட் திறந்திருந்தால் எஞ்சினை இயங்கவிடாத பானட் சுவிட்ச், 13 வீத எச்எஸ்டி விற்பனை வரி எல்லாம் சேரும். செயலி வழியாக இயக்கும் வகை என்றால் ஆண்டுச் சந்தாவும் உண்டு.

ஆபத்து. ஆளில்லாமல் ஓடத் தொடங்கும் எஞ்சின் இது. கார் நகர்ந்துவிடக் கூடாது, தீப்பிடிக்கக் கூடாது, புகை வீட்டுக்குள் வரக் கூடாது. இந்த மூன்றிலும் சமரசத்துக்கு இடமில்லை.

பழுதானால் யார் பொறுப்பு. காரின் உத்தரவாதம், கருவியின் உத்தரவாதம், காப்புறுதி ஆகிய மூன்றும் தனித்தனி.

தூரம். சாவியின் லொக் பொத்தானை மூன்று முறை அழுத்தி இயக்கும் மலிவு வகைக்குச் சில பத்து மீட்டர்தான் எட்டும். வீட்டு முற்றத்தில் நிற்கும் காருக்கு அது போதும். பன்னிரண்டாவது மாடியிலிருந்து கீழே நிற்கும் காரை இயக்க வேண்டுமென்றால் தனி அன்டெனா உள்ள வகையோ செயலி வகையோ வேண்டும். கார் நிலத்தடித் தரிப்பிடத்தில் நிற்கிறதென்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. அங்கே குளிர் அவ்வளவு கடுமையாக இருக்காது. மூடிய இடத்தில் ஆளில்லாமல் எஞ்சினை ஓடவிடவும் கூடாது.

## ஒரே பார்வையில்

கீழே உள்ள விலைகள் சாதாரண பெட்ரோல், ஓட்டோமேட்டிக் காருக்கான ஏறத்தாழக் கனடிய டொலர் கணக்கு. காருக்குக் கார் மாறும்.

| வழி | செலவு | வயரை வெட்டவேண்டுமா | பழுதுக்குப் பொறுப்பு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| டி-ஹார்னஸோடு நீங்களே | 200–400 | பெரும்பாலும் இல்லை | நீங்கள் | சாவி திருப்பும் அல்லது பொத்தான் அழுத்தும் பிரபல மாடல் வைத்திருப்பவர் |
| பொதுவகைக் கருவியை வெட்டி இணைத்து நீங்களே | 100–250 | ஆம், பல | நீங்கள் | ஏறக்குறைய யாருக்கும் இல்லை |
| வாகன மின்கருவிக் கடை | 400–700 | காரைப் பொறுத்து | கடை | பெரும்பாலானவர்கள் |
| கார் டீலர் | 600–1000, அதற்கும் மேல் | காரைப் பொறுத்து | டீலர் | புதுக் கார், குத்தகைக் கார் |
| தயாரிப்பாளரின் செயலி | இலவசம் முதல் மாதச் சந்தா வரை | இல்லை | தயாரிப்பாளர் | வசதி ஏற்கெனவே காரில் உள்ளவர் |
| பிளாக் ஹீட்டர் (எஞ்சினை மின்சாரத்தால் சூடாக்குவது) | கருவி, பொருத்துக்கூலி, மின்கட்டணம் | இல்லை | பொருத்தியவர் | வெளியே மின்செருகி உள்ள, கடுங்குளிர் ஊர்க்காரர் |

## டி-ஹார்னஸோடு நீங்களே

ஃபோர்டின், ஐடேட்டாலிங்க் என்ற இரண்டு பெயர்களும் இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும். இரண்டும் கியூபெக்கிலிருந்து வருபவை. குளிர் தெரிந்தவர்கள் செய்த கருவி என்பதால் கனடிய மாடல்களுக்கான விவரம் அவர்களிடம் நன்றாகக் கிடைக்கும்.

வேலை இப்படிப் போகும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், சாவித் துவாரத்தின் பின்னால் தடித்த வயர்கள் சேரும் இணைப்பி தெரியும். அதைக் கழற்றி, டி-ஹார்னஸின் ஒரு முனையைச் சாவிப் பக்கத்திலும் மறுமுனையைக் கார்ப் பக்கத்திலும் செருகவேண்டும். இம்மொபிலைசருக்கும், காரின் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் தரவு வயர்களுக்கும் இன்னும் ஒன்றிரண்டு செருகிகள் இருக்கும். பொத்தான் அழுத்தி இயக்கும் கார்களில் செருகும் இடம் மாறும். அங்கே தடித்த மின்னோட்ட வயர்களைவிடத் தரவு வயர்களோடுதான் வேலை அதிகம்.

பிறகு மாடியூலுக்கு உங்கள் காரைக் கற்பிக்கவேண்டும். இந்த இடத்தில்தான் பலர் திணறுகிறார்கள். சில கார்களில் சாவியைத் திருப்பி, பொத்தானை அழுத்தி, விளக்கு மின்னுவதைப் பார்த்தால் முடிந்தது. வேறு சில கார்களில் மாடியூலைக் கழற்றிக் கணினியோடு இணைத்து, காரின் இரகசியக் குறியீட்டை இணையம் வழியாக விடுவித்து, மீண்டும் காரில் செருகவேண்டும். வாங்கும்போதே காரின் ஆண்டு, மாடல், சாவி வகை மூன்றையும் சொல்லி, மென்பொருள் ஏற்றித் தருகிறார்களா, இந்த இரண்டாம் கட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேபிளுக்குத் தனியாக 50, 60 டொலர் கொடுக்கவேண்டி வருவதும் உண்டு.

எல்லாவற்றிலும் கடினமானது பானட் சுவிட்ச். சில கார்களில் தொழிற்சாலையிலிருந்தே அது வரும், மாடியூல் தரவு வயரில் அதைப் படித்துக்கொள்ளும். வராத காரில் எஞ்சின் அறையிலிருந்து உள்ளே ஒரு வயரைக் கொண்டுவரவேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள தகட்டில் துளை போடாதீர்கள். ஏற்கெனவே வயர்க்கட்டு நுழையும் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும், அதன் வழியாக விடுங்கள்.

இந்த ஒரு வயருக்காக அரைநாள் போய்விடும் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். எண்ணெய் பார்க்க ஒருவர் பானட்டைத் திறந்து கையை உள்ளே வைத்திருக்கும்போது, வீட்டுக்குள் இருந்து இன்னொருவர் பொத்தானை அழுத்தினால் பெல்ட் சுழலும். அதைத் தடுப்பது இந்தச் சுவிட்ச் ஒன்றுதான். இது இல்லாமல் பொருத்திய ரிமோட் ஸ்டார்ட்டரை நான் முடிந்த வேலையாகவே எண்ணமாட்டேன்.

செய்யும்போது மனதில் இருக்கவேண்டியவை:

- மஞ்சள் உறை போட்ட வயரையும் மஞ்சள் இணைப்பியையும் தொடவே வேண்டாம். அது ஏர்பேக்.
- பழைய பல்பு வகைச் சோதனை விளக்கை விட்டுவிட்டு டிஜிட்டல் மல்ட்டிமீட்டரைப் பயன்படுத்துங்கள். பல்பு இழுக்கும் மின்னோட்டம் நுண்ணிய கணினிப் பகுதிகளைக் கெடுத்துவிடும்.
- பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பழைய ஹொண்டாக்களில் ரேடியோ மறுபடி குறியீட்டு எண் கேட்கும். அதை முதலில் தேடி எடுத்துவையுங்கள்.
- மிச்ச வயரைச் சுருட்டி மேலே கட்டுங்கள். ஸ்டீயரிங் தண்டிலோ பிரேக் மிதியிலோ எதுவும் உரசக் கூடாது.

முடித்தபின் நான்கு சோதனைகள். ரிமோட்டில் இயங்கிக்கொண்டிருக்கும்போது சாவி இல்லாமல் பிரேக்கை மிதித்தால் எஞ்சின் நிற்கவேண்டும். பானட்டைத் திறந்தால் நிற்கவேண்டும். பானட் திறந்திருந்தால் இயங்கவே கூடாது. கியர் பார்க்கில் இல்லாவிட்டாலும் இயங்கக் கூடாது. கடைசிச் சோதனையைக் கைப்பிரேக் இழுத்து, காருக்கு முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில் செய்யுங்கள். ஒன்று தவறினாலும் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, சரிசெய்யும்வரை பயன்படுத்தாதீர்கள்.

மறைந்த செலவு ஒன்று இருக்கிறது. பெரிய பிராண்டுகள் சில, தாங்கள் அங்கீகரித்த கடையில் பொருத்தினால்தான் கருவிக்கு உத்தரவாதம் தரும். இணையத்தில் வாங்கி நீங்களே பொருத்தினால் கருவி செத்தால் செத்ததுதான். நீங்களே பொருத்துவோருக்கென்று விற்கப்படும் தொகுதியா என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

இந்த வழி யாருக்கு மிகவும் நல்லது? ஏழெட்டு வருசப் பழைய கொரோலா, சிவிக், ராவ்4 மாதிரி எங்கும் ஓடும் ஓட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவருக்கு. இத்தகைய கார்களுக்கு டி-ஹார்னஸ் கிடைப்பது எளிது, வழிகாட்டும் படங்களும் ஏராளம். ரேடியோ மாற்றிய பழக்கம் உள்ளவர் என்றால் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கலாம். சரிவராவிட்டால் ஹார்னஸைக் கழற்றி, பழைய இணைப்பியைத் திரும்பச் செருகினால் கார் பழையபடி ஆகிவிடும். மற்ற எந்தச் சொந்த முயற்சியிலும் இந்த மீட்சி கிடைக்காது.

## பொதுவகைக் கருவியை வெட்டி இணைப்பது

விலை பார்த்து மயங்கும் இடம் இதுதான். சாவியிலிருந்து வரும் இக்னிஷன், அக்சஸரி, ஸ்டார்ட்டர், நிலையான 12 வோல்ட் வயர்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, தோலை உரித்து, இணைக்கவேண்டும். சில கார்களில் ஸ்டார்ட்டர் வயர் இரண்டு இருக்கும். ஒன்றை மட்டும் இணைத்தால் இன்று ஓடும், நாளை ஓடாது.

இந்த வயர்களில் பாயும் மின்னோட்டம் பெரியது. அழுத்திக் கவ்வும் மலிவு டி-டாப் இணைப்பி நாளடைவில் தளரும். தளர்ந்த இணைப்பு சூடாகும், சூடான இணைப்பு உறையை உருக்கும். டாஷ்போர்டுக்குப் பின்னால் இது நடந்தால் புகை வரும்வரை தெரியாது. சோல்டர் வைத்தோ முறையான கிரிம்ப் கருவியாலோ இணைத்து, இறுக்கச் சுற்றி, சரியான ஃபியூஸ் போட்டால் பாதுகாப்பானதுதான். ஆனால் அதைத் தலைகீழாகப் படுத்துக்கொண்டு பத்து முறை பிழையில்லாமல் செய்யத் தெரிந்தவருக்கு என் ஆலோசனை தேவையில்லை.

இன்னொரு மோசமான பழக்கமும் இதோடு வரும். பைபாஸ் மாடியூலுக்குச் செலவு செய்யாமல், சில்லுள்ள மாற்றுச் சாவி ஒன்றை டாஷ்போர்டுக்குள் ஒளித்துவைத்து இம்மொபிலைசரை ஏமாற்றுவது. திருடனுக்கு வேண்டியதைக் காரிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் இது. கார்த் திருட்டுக்குப் பேர்போன ரொறன்ரோப் பகுதியில் இதைச் செய்து, பிறகு காப்புறுதி நிறுவனத்திடம் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை யாருக்கும் வரக் கூடாது.

கியரை நாமே மாற்றும் கார் என்றால் நீங்களே பொருத்துவதை முற்றாக மறந்துவிடுங்கள். கியரில் விட்ட கார் ஸ்டார்ட்டர் சுழன்றதும் பாய்ந்து முன்னே போகும். அதற்கான தனி ஏற்பாடுகளோடு பொருத்தித் தரும் கடைகள் இருக்கின்றன. மறுத்துவிடும் கடைகளும் இருக்கின்றன, அவர்கள் மறுப்பதிலும் நியாயம் உண்டு.

## வாகன மின்கருவிக் கடை

கார் ரேடியோ, கேமரா, அலாரம் பொருத்துவதையே தொழிலாகக் கொண்ட கடையைச் சொல்கிறேன். எண்ணெய் மாற்றும் இடத்தில் பக்கத் தொழிலாகச் செய்வதைச் சொல்லவில்லை. உங்கள் மாடலில் நிறையக் கார்களைத் திறந்து பார்த்தவர், நீங்கள் ஒருநாள் முழுக்கச் செய்வதை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிப்பார். எம்இசிபி சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று கேட்கலாம், அது இந்தத் தொழிலுக்கென்றே உள்ள தகுதி.

நீங்கள் மிச்சம் பிடிக்கும் 200, 300 டொலரையும், காரின் மின் அமைப்பில் ஒரு பிழை விட்டால் வரும் செலவையும் சேர்த்து எண்ணிப்பாருங்கள். டி-ஹார்னஸ் இல்லாத காருக்கு இந்தக் கூலி நியாயமானது.

ஆனால் விளம்பரத்தில் உள்ள விலை கடைசி விலை ஆகாது. "299 டொலர், பொருத்தியே" என்ற பலகைக்குள் பைபாஸ் மாடியூல் சேர்ந்திருக்காமல் போகலாம். பொத்தான் கார் என்றால் கூடுதல், கார் இயங்கிவிட்டதைத் திருப்பித் தெரிவிக்கும் இருவழி ரிமோட் என்றால் கூடுதல், வரி தனி. தொலைபேசியிலேயே மூன்று கேள்விகள் கேளுங்கள். மாடியூலும் பானட் சுவிட்சும் வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? என் காருக்கு டி-ஹார்னஸ் போடுவீர்களா, வயரை வெட்டுவீர்களா? வேலைக்கு எவ்வளவு காலம் உத்தரவாதம்? மூன்றாவது கேள்விக்குத் தயங்குகிற கடையை நான் நம்பமாட்டேன். முதற் பனி விழுந்த வாரத்தில் போனால் வரிசை நீளம், வேலையில் அவசரமும் இருக்கும். செப்டம்பரில் போங்கள்.

## கார் டீலர்

விலை அதிகம். பதிலுக்குக் கிடைப்பது மன நிம்மதி: பொருத்தியவரும் காரின் உத்தரவாதத்துக்குப் பதில் சொல்பவரும் ஒரே இடம். புதுக் காருக்கும், முக்கியமாகக் குத்தகைக் காருக்கும் இது சரியான வழி. குத்தகைக் காரின் வயரை நீங்கள் வெட்டினால் திருப்பிக் கொடுக்கும்போது கணக்கு வரும்.

ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: போடப்போவது தயாரிப்பாளரின் சொந்தக் கருவியா, வெளியார் கருவியா? வேலையை வெளிக்கடைக்கு அனுப்பி, மேலே லாபம் வைத்துத் தரும் டீலர்கள் உண்டு. அப்படியென்றால் அதே கடைக்கு நீங்களே போகலாம்.

## தயாரிப்பாளரின் செயலி

காசு செலவழிக்கும் முன் காரின் கையேட்டைத் திறந்து பாருங்கள். ஃபோர்ட், ஹூண்டாய், கியா, ஜீஎம் நிறுவனங்களின் அண்மைக்கால மாடல்கள் பலவற்றில் செயலியிலிருந்தோ சாவியிலிருந்தோ இயக்கும் வசதி ஏற்கெனவே இருக்கலாம். பழைய உரிமையாளரின் கணக்கில் பதிவாகிக் கிடப்பதால் இரண்டாம் கை கார் வாங்கியவர்களுக்கு அது தெரியாமலே போய்விடுகிறது.

குறை என்னவென்றால் சந்தா. சில டொயோட்டா மாடல்களில் கையிலுள்ள சாவியின் ரிமோட் ஸ்டார்ட்கூட சந்தா முடிந்ததும் நின்றுவிடும் என்பது 2021 டிசம்பரில் பெரிய செய்தியானது. காரை இன்னும் ஐந்தாறு வருடம் வைத்திருப்பீர்கள் என்றால், சந்தாவைக் கூட்டிக் கடைக்கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மின்சாரக் கார்க்காரர்கள் இந்த வழியோடு நின்றுவிடலாம். செருகியில் இருக்கும்போதே செயலியால் உள்ளறையைச் சூடாக்குவது அவர்களுக்கு எல்லா வகையிலும் மேல்.

## பிளாக் ஹீட்டர், அல்லது எதுவுமே இல்லாமல்

வினிப்பெக்கிலும் எட்மன்டனிலும் கார்களின் முன்பக்கத்தில் தொங்கும் செருகியைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினை மின்சாரத்தால் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் அது. மைனஸ் 20-க்குக் கீழே இறங்கும் ஊரில், கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு டைமரில் ஓடவிட்டால் எஞ்சின் எளிதில் இயங்கும், எரிபொருளும் மிஞ்சும். உள்ளறை உடனே சூடாகாது, ஆனால் ஹீட்டர் காற்று சீக்கிரம் சூடேறும். ரொறன்ரோவின் குளிருக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது.

இன்றைய எஞ்சினுக்குப் பத்து நிமிட வெதுவெதுப்பு தேவையில்லை. கனடிய இயற்கைவள அமைச்சின் அறிவுரையே நீண்ட நேரம் ஓடவிடாமல், மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள் என்பதுதான். ரொறன்ரோ மாநகர விதியும் ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றபடி எஞ்சினை ஓடவிடுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆக ரிமோட் ஸ்டார்ட்டர் உங்கள் சுகத்துக்கும் கண்ணாடிப் பனி உருகுவதற்கும்தான். அந்தச் சுகம் சிறிய விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். மூட்டுவலியுள்ள அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப்போகிற காலையில் அது பெரிய விஷயம். ஆனால் "எஞ்சினுக்கு நல்லது" என்று கடைக்காரர் சொன்னால் அதை நம்பி வாங்காதீர்கள்.

"குளிரில் கார் இயங்குவதில்லை, அதனால் ரிமோட் ஸ்டார்ட்டர் வேண்டும்" என்று சொல்பவர்களுக்கு முதலில் வேண்டியது பற்றரிச் சோதனை. மைனஸ் 18-ல் ஈய அமிலப் பற்றரியின் திறன் ஏறத்தாழ பாதியாகிவிடும். பலவீனமான பற்றரியை ரிமோட்டால் முறுக்கினாலும் சாவியால் முறுக்கினாலும் பலன் ஒன்றுதான். நான்கைந்து வருடமான பற்றரியை மாற்றிய பிறகு, ரிமோட் ஸ்டார்ட்டர் இன்னும் வேண்டுமா என்று யோசியுங்கள்.

## எந்த வழியில் போனாலும்

வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் கார் நின்றால் ரிமோட்டைத் தொடாதீர்கள், கராஜ் கதவு திறந்திருந்தாலும்கூட. கார்பன் மொனொக்சைடுக்கு மணமில்லை, அது சுவர் வழியாகவும் கதவு இடுக்கு வழியாகவும் படுக்கையறைக்கு ஏறும். அத்தகைய வீடுகளில் அதற்கான அலாரம் ஒன்ராறியோவில் சட்டப்படி கட்டாயம். அதன் பற்றரியையும் இந்த வாரமே பாருங்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ரிமோட்டைப் போட்டுவைக்காதீர்கள். கடும் பனி கொட்டிய இரவுக்கு அடுத்த நாள், முதலில் வெளியே போய்ப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளிவிட்டு, பிறகு பொத்தானை அழுத்துங்கள். குழாய் அடைபட்டிருந்தால் புகை காருக்குள் வரும்.

காப்புறுதி முகவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இன்ன கருவி பொருத்தியிருக்கிறேன் என்று பதிவுசெய்யுங்கள். கடையில் பொருத்தியிருந்தால் ரசீதையும் சேர்த்து அனுப்புங்கள்.

நீங்களே செய்வதென்று முடிவெடுத்தவர்கள் முற்றத்தில் பனி விழும்வரை காத்திருக்க வேண்டாம். குளிரில் டாஷ்போர்டின் பிளாஸ்டிக் கொக்கிகள் பிஸ்கட் போல உடையும், விறைத்த விரலில் இணைப்பி நழுவும், ஐந்து மணிக்கே வெளிச்சம் போய்விடும். அக்டோபர் முதல் வாரத்துச் சனிக்கிழமை ஒன்றைப் பாருங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே தொகுதியை வரவழைத்து, உங்கள் காரின் இணைப்பியோடு ஹார்னஸ் பொருந்துகிறதா என்று மூடியை மட்டும் கழற்றிப் பார்த்துவையுங்கள். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்ப நேரம் இருக்கும்.